நைட்ரிக் ஆக்ஸைடும் தேக ஆரோக்கியமும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை நம்மவர் அறிவர். நஞ்சென்று தோன்றும் ஒரு வஸ்துவை அளவுக்கு மிஞ்சி அடக்கினால் அதுவும் பிராணாபத்தாய் முடியும் என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவின் வரலாறு இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

மோட்டார் வண்டியின் புகையிலும் மின்னலிலும் பிறக்கும் இவ்வாயுவை உலகம் நெடுங்காலம் அசுத்தமென்றே மதித்திருந்தது. 1980-ல் ராபர்ட் பர்ச்காட் என்னும் அமெரிக்க அறிஞர், இரத்தக் குழாயின் உட்சுவரில் ஏதோ ஒன்று சுரந்து குழாயைத் தளர்த்துவதைக் கண்டார். அது நைட்ரிக் ஆக்ஸைடே என்பது சில வருஷங்களில் ருசுவாயிற்று. அவருக்கும், லூயி இக்நாரோ, பெரிட் முராட் ஆகிய இருவருக்கும் 1998-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. உணவிலுள்ள புரதத்தின் ஓர் அம்சமாகிய ஆர்ஜினினிலிருந்து நமது தேகமே இவ்வாயுவை உண்டாக்கிக்கொள்கிறது. இரத்த அழுத்தத்தைத் தணிப்பதும், இரத்தம் குழாய்க்குள் உறையாமல் காப்பதும், கிருமிகளை எதிர்ப்பதும் அதன் தொழில்கள். நெஞ்சுவலிக்காரர் நாவின்கீழ் வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் மாத்திரை நிவாரணம் தருவதும் இவ்வாயுவினாலேயே.

இத்தகைய உபகாரியை அடக்க வேண்டுமென்ற எண்ணம் எங்ஙனம் எழுந்தது? கிருமிகள் இரத்தத்தில் பரவிக் கடும் ஜுரம் முற்றுங்கால் இவ்வாயு மிதமிஞ்சிச் சுரக்கிறது. குழாய்கள் அளவின்றித் தளர்கின்றன. இரத்த அழுத்தம் வீழ்கிறது. நோயாளி மரணத்தின் வாயிலை அடைகிறான். ஆகவே சுரப்பைத் தடுத்தால் உயிர் பிழைக்கும் என வைத்தியர்கள் கருதினர். யுக்திக்கு ஒத்த கருத்தே. 797 நோயாளிகளைக் கொண்டு அதற்கான மருந்தைப் பரீக்ஷித்தனர். அழுத்தம் உயரத்தான் செய்தது. ஆயினும் மருந்து பெற்றவரில் நூற்றுக்கு 59 பேர் 28 நாட்களுக்குள் மாண்டனர். பெறாதவரில் மாண்டவர் நூற்றுக்கு 49 பேர். பரீக்ஷை இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2004-ல் வெளியாயின.

காரணம் யாது? அம்மருந்து மிகையான சுரப்பை மட்டும் தடுக்கவில்லை. தேகத்துக்கு அன்றாடம் வேண்டிய சுரப்பையும் சேர்த்தே தடுத்தது. சுவாசாசயத்தின் குழாய்கள் இறுகின. இருதயம் வெளியேற்றும் இரத்தம் குறைந்தது. அளவுகோலில் எண் உயர்ந்தது, உயிர் நிலைக்கவில்லை. மாரடைப்பினால் இரத்த ஓட்டம் வீழ்ந்தவர்களிடையே இதே மருந்து மீண்டும் பரீக்ஷிக்கப்பட்டு, 2007-ல் வெளியான முடிவிலும் மரணம் குறைந்ததாகக் காணப்படவில்லை.

இது பெரிய ஆஸ்பத்திரிகளின் சங்கதிதானே, கடையநல்லூர்வாசிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2012-ல் டெங்கு ஜுரம் இவ்வூரைப் படுத்திய பாட்டை எவரும் மறந்திரார். டெங்கு வேறு, மேலே கூறிய ஜுரம் வேறு; எனினும் ஒற்றை மருந்தால் எல்லாம் தீரும் என்ற ஆசை அத்தகைய காலங்களிலேதான் பலமாக எழுகிறது. மேலும், பிள்ளைகள் கடல்கடந்து பொருளீட்ட, முதியோர் இரத்த அழுத்தத்தோடும் நீரிழிவோடும் தனித்து வாழும் வீடுகள் இங்கு அநேகம். கைபேசியில் வரும் உபதேசங்களே அவர்களிற் பலருக்கு வைத்தியராகிவிட்டன.

மருந்தின்றியே இவ்வாயுவை நாம் அன்றாடம் அடக்கிவருகிறோம். புகைபிடித்தலும் கட்டுக்கடங்காத நீரிழிவும் குழாயின் உட்சுவரைக் கெடுத்து இதன் பயனைக் குறைக்கின்றன. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நாவில் வாழும் நற்கிருமிகள் மாற்றித்தர, அதிலிருந்தும் தேகம் இவ்வாயுவைப் பெறுகிறது. கிருமிநாசினியால் ஓயாது வாய் கொப்பளித்தால் அக்கிருமிகளும் மாள்கின்றன. 2013-ல் வெளியான லண்டன் ஆராய்ச்சியில், 19 பேர் ஏழு நாள் அவ்வாறு கொப்பளித்தபோது இரத்த அழுத்தம் 2 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை ஏறியது. பல் வைத்தியர் சில தினங்களுக்குக் கொடுத்த மருந்தைக் கைவிடும்படி நாம் கூறவில்லை. ஆலோசனையின்றி மாதக்கணக்கில் வழங்குவதையே கண்டிக்கிறோம்.

அப்படியாயின் இவ்வாயுவைப் பெருக்கும் தூளை வாங்கி உண்ணலாமா? அதுவும் தகாது. மாரடைப்பு கண்டவர் 153 பேரிடம் செய்த பரீக்ஷையில், ஆர்ஜினின் உண்டவரில் ஆறு பேர் இறந்தனர். உண்ணாதவரில் ஒருவரும் இறக்கவில்லை. 2006-ல் வெளியான செய்தி இது. நைட்ரேட் மருந்து உட்கொள்பவர் ஆண்மைக்கென விற்கும் சில்டெனபில் மாத்திரையைச் சேர்த்துண்டால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே மோசம் நேரும்.

ஆகவே அடக்குவதும் பெருக்குவதும் வைத்தியர் கையில் இருக்கட்டும். நமது கையில் உள்ளவை கீரை, நடை, புகையிலைத் தியாகம், காலாகாலத்தில் இரத்த அழுத்தப் பரிசோதனை ஆகியவையே. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்தை வீட்டுக்கே கொண்டுவருகிறது. தெருத்தோறும் தனித்திருக்கும் முதியோரைக் கண்டறிந்து அத்திட்டத்தில் சேர்ப்பிப்பது சங்கங்களும் ஜமாஅத்துகளும் வாலிபர்களும் ஏற்கத்தக்க கைங்கரியம். மேடைகளில் முழங்கும் ஊழியர்கள் மாதத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குவார்களாக.