சிறு பட்டறைக்கு ஏற்ற சி.என்.சி. மில்லிங் யந்திரம்

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் கழக்கூட்டம். 1990-ஆம் ஆண்டில் அங்கே டெக்னோபார்க் தோன்றியது முதல், அவ்வூரின் பெயரைக் கேட்டதும் கம்ப்யூட்டரை நினைப்பது வழக்கமாகிவிட்டது. ஆயினும் கடற்கரைப் பக்கமாகச் சில கிலோமீட்டர் சென்றால் தும்பா வந்துவிடும். 1963 நவம்பர் 21-ஆம் நாள் நைக்-அபாச்சி என்னும் அமெரிக்க ராக்கெட் ஆராய்ச்சிக்காக ஏவப்பட்ட இடம் அது. நான்கே ஆண்டுகளில், 1967 நவம்பர் 20-இல், நம் நாட்டில் உருவான ரோகிணி-75 அங்கிருந்து பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. அத்துணைச் சிறிய பொருளாயினும், ஒன்றோடொன்று இணையும் பாகங்கள் சொன்ன அளவில் இருந்தாலன்றி அது நேராகப் பறவாது.

இத்தகைய வட்டாரத்தில், நுட்பமான உலோகப் பாகங்களைச் செய்து தரும் சிறு பட்டறை ஒன்றை நிறுவ எண்ணும் இளைஞர் எதனை முதலில் கவனிக்க வேண்டும்? கடன் பெற்று யந்திரம் வாங்குகிறார். ஒரு பாகம் அளவில் 2 நூற்றிலொரு பங்கு மில்லிமீட்டர் தவறினால் அது திரும்பி வருகிறது. உலோகமும் உழைப்பும் வீணாகின்றன. அடுத்த வேலையும் வேறொருவரிடம் போய்விடுகிறது. தவணை மட்டும் நிற்பதில்லை.

மில்லிங் யந்திரத்தைக் கைப்பிடி சுழற்றி இயக்கிய காலத்தில் அளவு தொழிலாளியின் கண்ணிலும் விரலிலும் இருந்தது. ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு வெட்டலாம் என்னும் ஜான் பார்சன்ஸின் கருத்திலிருந்து எண் வழிக் கட்டுப்பாடு பிறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952-ஆம் ஆண்டு, துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி ஒரு மில்லிங் யந்திரம் இயங்கிக் காட்டியது. இன்று நாடாவின் இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. எனினும் கட்டளை எத்துணைத் துல்லியமாயினும், அதனை நிறைவேற்றுவது இரும்புதான் என்பதை மறத்தலாகாது.

ஆகவே முதலில் எடையைக் கேளுங்கள். கட்டர் உலோகத்தில் பாயும்போது யந்திரத்தின் தூண், மேஜை, ஸ்பிண்டில் யாவும் சிறிதேனும் வளைகின்றன. கனத்த வார்ப்பிரும்பு குறைவாக வளையும், அதிர்வையும் விழுங்கிக்கொள்ளும். மெல்லிய அலுமினியச் சட்டங்களால் ஆன ரூட்டர்களும் சி.என்.சி. என்ற பெயரில் விற்கப்படுகின்றன. மரத்தில் பூவேலை செய்ய அவை நன்று. எஃகில் அவை நடுங்கும். கட்டரும் அவ்வாறே: அது ஸ்பிண்டிலுக்கு வெளியே நீட்டி நிற்கும் நீளம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். நல்ல யந்திரத்தையும் இப்பிழை கெடுத்துவிடும்.

அடுத்து, மேஜையை நகர்த்தும் திருகு. சாதாரணத் திருகில் மரைக்கும் நட்டுக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. திசை மாறும்போதெல்லாம் திருகு சற்று வெறுமனே சுழன்ற பின்னரே மேஜை நகரும். வட்டம் வெட்டினால், திசை மாறும் நான்கு இடங்களிலும் சிறு தழும்பு தெரியும். இவ்விடைவெளியைக் கணக்கில் சேர்த்துச் சரிக்கட்டக் கம்ப்யூட்டரால் இயலும் என்பர். அது பாதி உண்மை. கட்டரே மேஜையைத் தன்பக்கம் இழுக்கும் வேளையில் கணக்கு என்ன செய்யும்? முன்னழுத்தம் கொடுத்த பால் ஸ்க்ரூ உள்ள யந்திரத்தையே நாடுக.

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டா. ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும் ஸ்டெப்பர் மோட்டார், 5 மில்லிமீட்டர் புரியுள்ள திருகைச் சுழற்றினால், ஓர் அடிக்கு 25 மைக்ரான் நகர்வு. அந்த அடியை மின்னணுவியலால் பதினாறாகப் பகுத்து, ஒன்றரை மைக்ரான் என்று எழுதிவிடலாம். அது கட்டளையின் நுண்மை. யந்திரம் வந்து நிற்கும் இடத்தின் உண்மையன்று.

ஸ்பிண்டிலின் வேகமும் வேலைக்கு ஏற்றதாக வேண்டும். 6 மில்லிமீட்டர் கார்பைடு கட்டரால் அலுமினியத்தை நிமிடத்திற்கு 150 மீட்டர் வேகத்தில் வெட்ட ஏறத்தாழ 8,000 சுற்றுக்கள் தேவை. 12 மில்லிமீட்டர் ஹைஸ்பீடு எஃகுக் கட்டரால் மென்னெஃகை 25 மீட்டர் வேகத்தில் வெட்ட 660 சுற்றுக்கள் போதும். ஆனால் அக்குறைந்த சுற்றிலும் வலிமை குன்றலாகாது.

வெப்பம் பலர் எண்ணிப் பாராத பகைவன். 300 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு, காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 5 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 35 மைக்ரான் நீளும். அதே நீள எஃகு 17 மைக்ரானே நீளும். சூடாக வெட்டி உடனே அளந்த துண்டு, ஆறிய பின் வேறு அளவு காட்டுவது இதனாலேயே. யந்திரத்தை வெயில் விழும் சன்னலருகே வைக்காதீர்கள்.

விற்பவரிடம் இரண்டு சோதனைகள் கேளுங்கள். டயல் கேஜை நிறுத்தி வைத்து, மேஜையை இரு திசைகளிலிருந்தும் பத்து முறை ஒரே இடத்திற்கு வரச்செய்து, ஒவ்வொரு முறையும் முள் காட்டுவதைக் குறித்துக்கொள்க. பின்பு ஒரே அலுமினியத் துண்டில் ஒரு சதுரமும் அதன்மேல் ஒரு வட்டமும் வெட்டித் தரச் சொல்லி, நீங்களே மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். மறுப்பவரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை.

மும்முனை மின்சாரம் கிடைக்காத இடத்தில், ஒருமுனை 230 வோல்ட்டில் இயங்குவதா என்பதை முன்பணம் தருமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். கடைசியாக, உப்புக் காற்று. கழக்கூட்டத்தைப் போன்ற கடலோர ஊரில், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், துடைத்து எண்ணெய் பூசாத வழித்தடத்தில் விரைவிலேயே துரு தோன்றும். தானாக எண்ணெய் செலுத்தும் பம்பும், வழித்தடங்களை மூடும் உறையும் உள்ளனவா என்று பாருங்கள். இரவில் யந்திரத்தை மூடிவைக்க ஒரு துணி உறையும், மேஜைக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் அதிகச் செலவில்லை.