பூர்வ ஜன்ம வாசனை
(பழுதில் பிறக்கும் பொறிகள் – 7)

சென்ற வாரம் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மேஜைமீது பரப்பி வைத்த டேப் ரிகார்டரின் அங்கங்களுள், அதன் மோட்டார் மட்டும் இந்த ஏழு நாட்களாக என்னோடு ஓயாமல் பிடிவாதம் செய்து கொண்டிருக்கிறது. பார்வைக்குப் பரம சாதுவான பொருள். ஒன்பது வோல்ட் கொடுத்தாலும், பன்னிரண்டு வோல்ட் கொடுத்தாலும், இம்மியும் மாறாமல் ஒரே வேகத்தில்தான் சுழல்வேன் என்கிறது. ரோபோவின் சக்கரமாக வேலை செய்ய வேண்டிய பேர்வழிக்கு விரைவாகவும் ஓடத் தெரியவேண்டும், மெதுவாகவும் ஊரத் தெரியவேண்டும், சுவரில் முட்டிக்கொண்டால் பின்வாங்கவும் தெரியவேண்டும் அல்லவா? பின்வாங்கத்தானே வேண்டும் என்று இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்தேன். அந்த அவசர புத்திக்குக் கிடைத்த பலன், மெல்லிய நூல்போல எழுந்த புகையும், அறை முழுவதும் இரண்டு மணி நேரம் தங்கியிருந்த ஒரு துர்நாற்றமும்தான்.

மோட்டாரின்மீது குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. காஸெட்டின் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற கதியில் ஓடவேண்டும் என்பது விதி. அந்தக் கதியில் சிறிது ஏற்றத்தாழ்வு நேர்ந்துவிட்டாலும், கல்யாணி பாடிக்கொண்டிருக்கும் வித்வானின் சுருதி பிசகிப் போய், கேட்பவர் காதைப் பொத்திக்கொள்ளும்படி ஆகிவிடும். பாட்டரியோ புதிதாக இருக்கும்போது ஒரு பலமும், தீரும் தறுவாயில் வேறொரு பலமும் உடையது. ஆகையால், வருகிற மின்சாரம் எப்படி இருந்தபோதிலும் வேகம் மட்டும் மாறாதிருக்கும் பொருட்டு, மோட்டாரின் தகரக் கூட்டுக்குள்ளேயே வேகத்தைக் காவல் காக்கும் ஒரு சிறு மின்சுற்றை வைத்து மூடியிருக்கிறார்கள். அதன் முதுகுப்புறத்தில் ஒரு துவாரம் தெரியும். அதனுள் மெல்லிய திருப்புளியை நுழைத்துத் திருகினால் வேகத்தைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் பாட்டை ஓடவிட்டுக்கொண்டே, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, வீணைக்காரர் பிருடையைத் திருகும் பாவனையில் இந்தத் துவாரத்தைத் திருகியதைச் சிறுவனாக இருந்தபோது நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அவர் என்ன செய்தார் என்பது எனக்கு விளங்கச் சுமார் நாற்பது வருஷம் ஆயிற்று.

நம் பெரியவர்கள் பூர்வ ஜன்ம வாசனை என்று ஒன்றைச் சொல்வதுண்டு. உடல் மாறினாலும், முந்தைய பிறவியில் பழகிய பழக்கத்தின் சாயல் உயிரை விட்டு லேசில் போகாது என்பது அதன் தாத்பரியம். மனிதர் விஷயத்தில் அது உண்மையோ பொய்யோ, அதைத் தீர்மானிக்க நான் தகுதியுடையவன் அல்லேன்; ஆனால் காயலான் கடையிலிருந்து எடை போட்டு வாங்கி வந்த சாமான்கள் விஷயத்தில் அது அட்சரம் பிசகாத உண்மை என்று சத்தியம் செய்து சொல்வேன். சென்னை ரிச்சி தெருவில் கடைக்குக் கடை தொங்குகிற, பாட்டரியில் ஓடும் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டாருக்குப் பூர்வோத்தரம் எதுவும் கிடையாது. நாம் வரைந்து வைத்த ரோபோவின் படத்துக்குள் அது சொன்னபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய சாமானோ அப்படி அல்ல. அது எந்த வீட்டில் வளர்ந்தது, என்ன தின்று வளர்ந்தது, யாருக்கு அடங்கி நடந்தது என்று விசாரித்து அறிந்துகொண்ட பிறகே, அதற்கு ஏற்ற உடலை நாம் யோசிக்க வேண்டும். படத்தை முதலில் வரைந்துவிட்டு, அதற்கேற்ற உறுப்பைக் குப்பையில் தேடப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பி, பழைய சாமான்களால் பிரயோஜனம் இல்லை என்ற முடிவுக்கு வந்து விடுகிறார்கள்.

இந்தக் கலைக்கு ஆதி புருஷர் என்று ஒருவரைக் காட்டவேண்டுமானால், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் வாழ்ந்த கிரே வால்டரைத்தான் நான் காட்டுவேன். மூளையில் எழும் மின் அலைகளை ஆராய்வது அவருடைய உத்தியோகம். அதற்காக அங்கே பர்டன் நரம்பியல் ஸ்தாபனத்தில் பணியாற்றிவந்தார். மூளையில் எத்தனையோ கோடி உயிரணுக்கள் இருக்கின்றனவே, அவற்றுள் இரண்டே இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு பிராணி எவ்வளவு தூரம் உயிருள்ளது போல நடந்துகொள்ளும் என்ற விசித்திரமான கேள்வி அவருக்கு எழுந்தது. 1948, 1949 ஆகிய வருஷங்களில், யுத்தம் முடிந்து மலிவாகக் கிடைத்த உபரிச் சாமான்களையும் பழைய அலாரம் கடிகாரங்களையும் கொண்டு, மூன்று சக்கரங்களும் மேலே ஓர் ஓடும் உடைய இரண்டு யந்திர ஆமைகளை அவர் செய்து முடித்தார். எல்மர், எல்ஸி என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால்வுகள், இரண்டு ரிலேக்கள், இரண்டு மோட்டார்கள், ஒளியை உணர ஒரு கண், தொடுதலை உணர ஓர் உறுப்பு. குடும்பச் சொத்து அவ்வளவே.

அந்தத் தொடுதல் உறுப்பு எது என்று கேட்டால், மேலே கவிழ்த்த ஓடேதான். தளர்வாகத் தொங்கவிடப்பட்ட ஓடு எதன்மீதாவது இடித்தால் சற்று விலகி உள்ளே ஒரு தொடுமுனையைத் தொடும். உடனே ஆமை தடுமாறித் தள்ளி, திரும்பி, வேறு வழி பார்க்கும். கண்ணோ முன்சக்கரம் நோக்கும் திசையையே எப்போதும் நோக்கும்படி அமைந்திருந்தது. வெளிச்சம் தென்படும்வரை சக்கரமும் கண்ணும் சேர்ந்து சுற்றிச்சுற்றித் தேடும், தென்பட்டதும் சுற்றல் நின்று அதை நோக்கி நடை தொடங்கும். உறுப்புகள் குறைவாக இருந்ததால், ஒவ்வோர் உறுப்பும் இரண்டு வேலை செய்யவேண்டி வந்தது. ஆமையின் அழகெல்லாம் அந்தத் தரித்திரத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அந்த முதல் ஆமைகள் அடிக்கடி பழுதாகி எஜமானரைப் படாதபாடு படுத்தினவாம். பிற்பாடு அதே ஸ்தாபனத்தைச் சேர்ந்த வாரன் என்ற தொழில்நுட்பர் திருத்தமான ஆமைகளைச் செய்துகொடுக்க, அவை 1951ஆம் வருஷம் லண்டன் கண்காட்சியில் ஜனங்களுக்கு வேடிக்கை காட்டின. படித்தபோது, புகை கிளப்பிய எனக்கு அந்தப் பழுதுச் செய்திதான் பெரிய ஆறுதலாக இருந்தது.

இனி, மேஜையின் மறுபக்கத்தில் காத்திருக்கும் பிரின்டருக்கு வருவோம். கரகரவென்று ஊசிகளால் குத்தி எழுதும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் எங்கேயாவது அலுவலகத்தில் கழித்துக்கட்டப்பட்டால், யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வந்து விடலாம். எழுதும் தலை இப்படியும் அப்படியும் வழுக்கிச் செல்லும் எஃகு உருளை ஒன்று அதில் இருக்கும். அந்த வழவழப்பும் நேர்மையும் உள்ள கம்பியைத் தனியாக விலை கொடுத்து வாங்கப் போனால் மனம் துணியாது. பற்கள் உடைய ரப்பர் பட்டை, பற்சக்கரங்கள், தலை ஓரத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கும் ஒளிக்கண் ஆகியவையும் கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஸ்டெப்பர் மோட்டார்கள் இரண்டு. ஸ்டெப்பர் மற்ற மோட்டார்களைப்போலத் தலை தெறிக்க ஓடாது. படிக்கட்டு ஏறுவதுபோல அடி அடியாகச் சுழலும். ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும் ஜாதியும் உண்டு, 48 அடி வைக்கும் ஜாதியும் உண்டு. கம்பிகளுள் எது எதற்கு ஜோடி என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர்கூடத் தேவையில்லை. அச்சை விரலால் சுழற்றிப் பாருங்கள், சுலபமாகச் சுழலும். பிறகு ஏதேனும் இரண்டு கம்பிகளின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுழற்றுங்கள். அவை ஒரே சுருளின் முனைகளாக இருந்தால், யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல அச்சு கடினமாகிவிடும். நாம் சுழற்றும்போது பிறக்கிற மின்சாரமே நம்மை எதிர்த்து நிற்கிறது.

இத்தனை கெட்டிக்காரனிடமும் ஒரு குறை உண்டு. சும்மா நிற்கும்போதும் மின்சாரத்தைத் தின்றுகொண்டே நிற்பான். சுவரிலுள்ள பிளக்கில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சிக்கனம் எப்படித் தெரியும்? அதிலும் 24 வோல்ட்டில் செல்லமாக வளர்ந்தவனை நான்கு பென்சில் பாட்டரியில் கட்டினால், முணுமுணுப்பானே தவிர எழுந்து நடக்க மாட்டான். ஆகவே, ஊர் சுற்றும் ரோபோவுக்கு அவனை அழைக்க வேண்டாம். ஒரே இடத்தில் நின்று, பொருளை எடுத்து, சொன்ன இடத்தில் சொன்னபடி வைக்கிற கைக்கு அவனைவிடச் சிறந்தவன் இல்லை. ஓடியாடும் காரியத்துக்கு, இரண்டே பாட்டரியில் மணிக்கணக்காகப் பாடிக் குடும்பம் நடத்திய வாக்மேன் மோட்டாரையும், சி.டி. டிரைவில் தட்டை வெளியே நீட்டுகிற சின்ன மோட்டாரையும் தேடுங்கள்.

பழைய உருண்டை மவுஸை யாரும் சீந்துவதில்லை. அதைப் பிளந்து பார்த்தால், விளிம்பில் வெட்டுகள் உள்ள இரண்டு சிறு சக்கரங்களும், ஒவ்வொன்றுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை உமிழும் ஒரு விளக்கும், எதிரே இரட்டைக் கண்களும் இருக்கும். ஒரு கண்ணுக்குச் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ மற்றக் கண்ணுக்கு வெளிச்சம் படும். எது முந்திற்று என்பதைக் கொண்டு சக்கரம் எந்தத் திசையில் போயிற்று என்பதை அறியலாம். ரோபோவின் சக்கரத்தோடு இதைப் பிணைத்துவிட்டால், தான் எவ்வளவு தூரம் நடந்தது என்பது அதற்கே தெரிந்துவிடும்.

போர்டிலிருந்து உறுப்புகளைப் பிடுங்குவது பற்றி அன்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். பழைய போர்டாயின், ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகிவிடும். ஐரோப்பாவில் 2006ஆம் வருஷம் ஜூலை முதல் ஈயத்துக்குத் தடை வந்தபின் உண்டான போர்டுகளில் பெரும்பாலும் ஈயமில்லாத பற்றுதான். அது சுமார் 217 டிகிரிக்கு மேல்தான் மனம் இரங்கும். அதன்மேல் பழைய ஈயப் பற்றைக் கொஞ்சம் உருக்கிக் கலந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து எளிதில் இளகும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் தொடாதீர்கள்.

திறக்கவே கூடாத பெட்டிகளும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பினுள் உள்ள கப்பாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறுவது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கொல்லவல்லது. பழைய கலர் டி.வி.யின் கண்ணாடிக் குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியிலும், நம் வீட்டு 230 வோல்ட், உள்ளே நேர்மின்சாரமாக மாறி 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். காமிரா ஃப்ளாஷ் பார்ப்பதற்குத் துக்குணி; அதற்குள்ளும் முந்நூறு வோல்ட். உப்பிப்போன லேப்டாப் பாட்டரியைக் குத்திப் பார்க்கும் ஆசை வந்தால், அன்றைக்கு வேறு வேலை பாருங்கள்.

கப்பாசிட்டர் என்றதும் மார்க் டில்டன் நினைவுக்கு வருகிறார். கனடாவில் வாட்டர்லூ சர்வகலாசாலையில் இருந்தபோது, கம்ப்யூட்டர் மூளையே இல்லாத ரோபோக்களைக் குப்பையிலிருந்து செய்யத் தொடங்கியவர் அவர். கால்குலேட்டரில் இருக்குமே, விரல்நக அகலச் சூரியத் தகடு, அது தரும் மின்சாரம் ஒரு மோட்டாரை அசைக்கக்கூடப் போதாது. டில்டன் அதைச் சிறுகச் சிறுக ஒரு கப்பாசிட்டரில் சேர்த்து, ஒரு மட்டத்தை எட்டியதும் மொத்தமாக மோட்டாருக்குத் தாரை வார்க்கும்படி ஒரு சுற்றை அமைத்தார். ரோபோ ஒரு துள்ளுத் துள்ளும்; பிறகு வெயிலில் உட்கார்ந்து சேமிக்கும்; மறுபடி துள்ளும். சக்கரம்கூட அவர் கூட்டத்தார் தேடவில்லை. மோட்டாரைச் சாய்த்து நிறுத்தி, அதன் அச்சில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டி, அச்சையே தரையில் உரசவிட்டார்கள்.

அதையே நானும் செய்வதென்று, புகைந்த மோட்டாரின் பின்மூடியை நெம்பி எடுத்து, கருகிப்போன காவல் சுற்றைக் கத்தரித்து எறிந்து, கம்பிகளை நேராக பிரஷ்களுக்குப் பற்றவைத்தேன். உடனே அது முன்னும் சுழன்றது, பின்னும் சுழன்றது. வோல்ட்டைக் குறைத்தால் தணிந்தது, கூட்டினால் சீறியது. வேறொரு டேப் ரிகார்டரின் மோட்டாருக்கும் அதே சிகிச்சை செய்து, இரண்டையும் ஒரு சோப்பு டப்பாவின் இரு பக்கமும் சாய்த்துக் கட்டி, கூடத்துத் தரையில் விட்டேன். வண்டி நேராகப் போகவில்லை. இடப்பக்க மோட்டார் ஒரு வேகம், வலப்பக்க மோட்டார் வேறு வேகம். நாற்காலிக் காலைப் பிரதட்சிணம் செய்வதுபோல வலமாகச் சுற்றிச்சுற்றி வந்தது. இரண்டின் வேகத்தையும் ஒரே சுருதியில் நிறுத்த வல்லது அந்தத் துவாரத்துத் திருகு ஒன்றுதான். ஒன்று கருகிவிட்டது; மற்றொன்றை, நல்ல வேளையாக, குப்பையில் போடாமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

(தொடரும்)