ஈயக்குண்டின் வயது

வண்ணாரப்பேட்டையை ஒட்டிய பழைய ஜெயில் சாலையில் மாடிப்பூங்கா என்ற பெயரோடு இன்றும் எஞ்சியிருக்கும் மதிற்சுவர், 1767-லும் 1769-லும் மைசூர் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்து கலக்கிச் சென்ற பிறகு, உள்ளூர் மக்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்தின் ரக்ஷணைக்காகக் கிழக்கிந்தியக் கும்பினியார் எழுப்பியது. அதற்கும் முன்னரே, 1758 டிசம்பரில், பிரெஞ்சுத் தளபதி லாலி அந்நகரத்துள் புகுந்து, மறு ஆண்டு பிப்ரவரி வரையில் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். ஆகவே, இப்பகுதி மண்ணில் மெட்டல் டிடெக்டர் ஓர் ஈயக்குண்டைக் காட்டிக்கொடுத்தால், லாலியா ஹைதரா என்று மனம் தாவுவது சகஜமே.

ஆனால் அது துப்பாக்கிக் குண்டுதானா என்பதே முதல் கேள்வி. காசிமேட்டு வலைஞர் வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயமும் இதே மண்ணில் புதையக்கூடியது. நடுவே துளையிருந்தால் ஆராய்ச்சியை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். காந்தத்தில் ஒட்டுமாயின் இரும்பு. ஆலைப் பிரதேசத்தில் அதற்கும் பஞ்சமில்லை. மெய்யான குண்டில், அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் மெல்லிய வரம்பொன்று சுற்றிவரும். ஈயம் வார்த்த வாய் நறுக்கப்பட்ட இடம் சிறு தட்டையாகத் தெரியும். மேலே சாம்பல் கலந்த வெண்பூச்சு படர்ந்திருக்கும்.

பிறகு அளவு. முக்கால் அங்குலக் குழலுடைய ஆங்கிலேயத் துப்பாக்கிக்கு, விரைவாக இட்டு நிரப்பும் சௌகரியத்தை உத்தேசித்து, ஏறத்தாழ 17.5 மில்லிமீட்டர் குண்டையே வார்த்தார்கள். பிரெஞ்சுக் குண்டு 16 முதல் 16.5 வரை. எதிலோ மோதி அப்பளமாகிவிட்டதென்றாலும் பாதகமில்லை: சிதறாத ஈயத்தின் எடை மாறாதாகையால், 32 கிராம் இருந்தால் முன்னது, 25 கிராம் சுமார் இருந்தால் பின்னது என்று அனுமானிக்கலாம்.

இவ்வளவும் துப்பாக்கியின் ஜாதியைச் சொல்லுமேயன்றி வருஷத்தைச் சொல்லாது. ஆங்கிலேயரின் அத்துப்பாக்கி நூறாண்டுக்கு மேல் புழக்கத்தில் இருந்தது. பிரெஞ்சுத் துப்பாக்கியோ மைசூர்ச் சிப்பாய்களின் கையிலும் இருந்தது. கூம்பு வடிவாய், அடிப்புறம் குழிந்திருந்தால் மட்டும் 1850-க்குப் பிற்பட்ட என்ஃபீல்டு வகையென்று சற்றுத் துணிந்து கூறலாம். மற்றபடி காலத்தை நிர்ணயிக்கும் பிரமாணம், குண்டு கிடந்த மண்ணடுக்கும், உடன் கிடந்த ஓடும் காசுமே. அவற்றைக் கலைத்து, பூச்சைத் தேய்த்துப் பளபளப்பாக்கியபின் எந்தப் பண்டிதரிடம் காட்டியும் பிரயோஜனமில்லை.

ஆதலால் கண்ட இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டுமென்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் விதித்திருக்கிறது.