ஆய்வுப் பயணமும் உற்றார் உறவும்

வடநாட்டில் குடியேறிய நம்மவர் பிள்ளைகள் பலர் இன்று ஆராய்ச்சி மாணவர்களாக விளங்குகின்றனர். சுவடிகளைப் பார்வையிடத் தஞ்சைக்குச் செல்லும் அவர்கள், பணி முடிந்ததும் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுதல் தகுமா?

சரசுவதி மகால் நூல்நிலையம் இரண்டாம் சரபோசி மன்னரால் (1798–1832) பெருவளம் பெற்றது. பகற்பொழுதைச் சுவடிகளுக்கே அளித்திடுக. வந்த நோக்கம் அதுவன்றோ! மாலையில், 1010-இல் நிறைவுற்ற பெரிய கோயிலைக் கண்டு மகிழலாம். விடுமுறை நாளில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கும்பகோணம் செல்க. வழியில் தாராசுரத்துச் சிற்பங்கள். ஊரையடைந்தால் இட்டிலியும் கடப்பாவும், பித்தளை டபராவில் நுரை ததும்பும் காப்பியும்!

திருச்சி, மதுரை என உறவினர் பல ஊர்களில் இருப்பின், புறப்பட்ட நிலையத்திற்கே திரும்பும் சுற்றுப் பயணச் சீட்டு உதவும். எட்டு இடங்கள் வரை இறங்கிச் செல்லலாம். தனித்தனிச் சீட்டுகளைவிடச் செலவும் குறையும். படுக்கை முன்பதிவை மட்டும் ஒவ்வொரு வண்டிக்கும் தனியே செய்துகொள்ளுதல் வேண்டும்.

சுவடிகள் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். ஊரிலுள்ள முதிய அத்தையாரும் பாட்டனாரும் இருப்பரென்று உறுதி கூறவியலுமோ? ஏட்டில் ஏறாத குடும்ப வரலாறு அவர்தம் நெஞ்சில் உள்ளது. ஆதலின், நூல்நிலையத்திற்கு முன்கூட்டியே எழுதுவது போல அவர்களுக்கும் வரும் நாளைக் குறித்து எழுதுக. ஒருவேளையேனும் உடனமர்ந்து உண்க.