நான்கு வினாடிக்கு ஒரு கடை

மாணவ நண்பர்களே, ஒரு சிறிய கணக்கோடு தொடங்குவோம். சாதாரணமாக நடந்து செல்பவரின் வேகம் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். அதாவது வினாடிக்கு 1.4 மீட்டர். கடைவீதியில் ஒவ்வொரு கடையின் முகப்பும் 6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடையைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? 6-ஐ 1.4-ஆல் வகுத்துப் பாருங்கள். நான்கு வினாடிக்குச் சற்று அதிகம். நான்கு வினாடிக்கு ஒரு புதிய வாசல், புதிய சரக்கு, புதிய முகம்! கால் வலிப்பதே தெரிவதில்லை.

அதே மனிதர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காரில் போகிறார். இப்போது வினாடிக்கு 16.7 மீட்டர். 6 மீட்டர் கடை ஏறக்குறைய மூன்றில் ஒரு வினாடியில் மறைந்துவிடும். பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடியாது. ஒரு கட்டடம் 6 வினாடி அவர் பக்கத்தில் இருக்க வேண்டுமானால் அதன் நீளம் 100 மீட்டர் இருக்க வேண்டும்.

தொலைவு = வேகம் × காலம். உங்கள் பாடப்புத்தகத்துச் சூத்திரம்தான். நெடுஞ்சாலைப் பேரங்காடி ஏன் பெரியது, கடைவீதிக் கடை ஏன் சிறியது என்பதை இது விளக்கிவிடுகிறது அல்லவா? முன்னது சக்கரத்தின் அளவு; பின்னது காலின் அளவு. முன்னதைக் கொண்டுவந்து கடைவீதியில் வைத்தால்தான் தொல்லை. 100 மீட்டர் வெறும் சுவரை நடந்து கடக்க 71 வினாடி ஆகும். அந்தப் பக்கம் போகவே மனம் வராது.

அமெரிக்க ஊர்கள் கற்ற பாடம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் கார்கள் பெருகின. கடைகள் ஊருக்கு வெளியே நகர்ந்தன. 1956-இல் மினியாபொலிஸ் நகரை அடுத்த எடைனாவில், விக்டர் குரூன் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த ‘சௌத்டேல்’ பேரங்காடி திறக்கப்பட்டது. முழுவதும் கூரையால் மூடி, உள்ளே வெப்பநிலையைச் சீராக வைத்திருந்த அங்காடி அது. அதைப் போல எத்தனையோ எழுந்தன. சிறு நகரங்களின் ‘மெயின் ஸ்ட்ரீட்’ எனப்படும் பழைய கடைவீதிகளில் ஒவ்வொன்றாகக் கதவுகள் மூடின. பல ஊர்களில் வியாபாரிகள் புதுமையைப் பின்பற்ற எண்ணி, அழகிய செங்கல் முகப்புகளை அலுமினியத் தகடுகளால் மறைத்தார்கள். இடிந்த கடைகளின் இடத்தில் கார்கள் நின்றன.

1977-இல் அந்நாட்டின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை ஒரு சோதனையைத் தொடங்கியது. இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க், இந்தியானாவின் மாடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்த அனுபவத்தைக் கொண்டு 1980-இல் தேசிய மெயின் ஸ்ட்ரீட் மையம் அமைந்தது. கடைக்காரர்கள் கூடிச் செயல்படுதல், மக்களை வரவழைத்தல், வியாபாரத்தை வலுப்படுத்தல், வடிவமைப்பு என்பவை அதன் நான்கு கால்கள். வடிவமைப்பு மட்டும் வியாபாரத்தைக் கொண்டுவந்துவிடாது என்பதை இதிலிருந்து உணரலாம். ஆனால் அந்தக் கால் ஒடிந்தால் மற்ற மூன்றும் தள்ளாடும்.

புதியதும் பொருந்தும்

அப்படியானால் பழைய வீதியில் புதிய கட்டடமே கூடாதா? கூடும். கட்டடம் 60 மீட்டர் நீளமாக இருக்கட்டும். தெருப்பக்கத்தை மட்டும் ஆறு ஆறு மீட்டராகப் பிரித்து, பத்துக் கடைகளும் பத்து வாசல்களுமாக அமைக்கலாம். கண்மட்டத்தில் கண்ணாடி வைக்கலாம். முகப்பு பக்கத்துக் கடைகளின் வரிசையிலேயே நிற்க வேண்டும். கார் நிறுத்துமிடம் பின்புறம் போக வேண்டும். டென்மார்க்கின் கட்டடக்கலைஞர் யான் கேல், நடப்பவர்களைக் கவனித்து ஆராய்ந்தவர். 100 மீட்டருக்கு 15 முதல் 20 கடைகள் என்பது நல்ல அளவு என்கிறார் அவர். நாம் போட்ட கணக்கோடு அது ஒத்துப்போகிறது, பாருங்கள்!

அடுத்தது உயரம். மாடிசன் ஊர் வட அட்சம் சுமார் 38.7 பாகையில் உள்ளது. டிசம்பர் 21 வாக்கில் அங்கே உச்சிவேளைச் சூரியனின் உயரம் 28 பாகைதான். 9 மீட்டர் கட்டடத்தின் நிழல் 17 மீட்டர் நீளும். 27 மீட்டர் கட்டடத்தின் நிழலோ 51 மீட்டர்! குளிர்காலத்தில் வெயிலுக்கு ஏங்குபவர்களின் தெருவை ஒரே கட்டடம் இருட்டாக்கிவிடும்.

இந்த விதியை அப்படியே மதுரைக்குக் கொண்டுவரலாமா? கூடாது. மார்ச் 21 அன்று உச்சிவேளையில் இங்கே சூரியன் 80 பாகை உயரத்தில் நிற்கும். அதே 9 மீட்டர் கட்டடம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் நிழல் தரும். நமக்கு வேண்டியது நிழல். அதைத் தருபவை தாழ்வாரமும் மரமும்தான். இயற்பியல் ஒன்றே, இடத்திற்கு ஏற்ப விடை மாறுகிறது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். அளவு நாடாவும் கடிகாரமும் போதும். உங்கள் ஊர்க் கடைவீதியில் ஓரமாக நின்று, 100 மீட்டருக்கு எத்தனை வாசல்கள் என்று எண்ணுங்கள். எந்த இடத்தில் மக்கள் நிற்கிறார்கள், எந்த இடத்தில் வேகமாகக் கடக்கிறார்கள் என்றும் குறித்து வையுங்கள். நாளை அங்கே புதிய வணிக வளாகம் வரும்போது, “எத்தனை மாடி?” என்று பலர் கேட்பார்கள். “தெருவைப் பார்த்து எத்தனை வாசல்?” என்று நீங்கள் கேளுங்கள்.