வேர் பழுத்த பல்லை என்ன செய்வது?

இடம்பெயர்ந்து அலையும்போது பல்லைக் கவனிக்க யாருக்கு நேரம்? கொதி எடுத்தால் கராம்பை வைத்து அமர்த்திக்கொள்கிறோம். கராம்பெண்ணெய் நோவை விறைக்கச் செய்யுமே தவிர, வேருக்குள் இருக்கும் கிருமியை அகற்றாது. பல்லின் நடுவிலுள்ள நரம்பு அழுகிவிட்டால் வழி இரண்டுதான்: உட்புறத்தைத் துப்புரவாக்கி அடைக்கும் வேர்ச்சிகிச்சை, அல்லது பல்லைப் பிடுங்குவது.

வேர்ச்சிகிச்சை செய்த பல் உடம்பெங்கும் நோய் பரப்பும் என்று சிலர் பயமுறுத்துவர். அமெரிக்கப் பல் வைத்தியர் வெஸ்ற்றன் பிறைஸ் அத்தகைய பற்களை முயல்களின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்து, 1920களில் பரப்பிய கருத்து அது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அதற்குள், காப்பாற்றியிருக்கக்கூடிய எத்தனையோ பற்கள் வீணாய்ப் பிடுங்கப்பட்டன.

வேர்ச்சிகிச்சைக்குப் பெரும்பாலும் பலமுறை போய்வர வேண்டும். எல்லா ஊர்களிலும் வசதியில்லை. பஸ் காசுக்கே வழியில்லாத குடும்பம் பிடுங்குவதைத் தெரிவுசெய்தால் அதில் வெட்கமில்லை. அரச வைத்தியசாலையில் அது இலவசம். ஆனால் கடைவாய்ப்பல் போனால் மெல்லுவது கடினம், பக்கத்துப் பற்களும் சரியக்கூடும். ஆகவே பிடுங்குமுன் “இதைக் காப்பாற்றலாமா?” என்று ஒருமுறை கேளுங்கள்.

முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டால் விடியும்வரை காத்திராதீர்கள். அந்த இரவே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.