சித்தன்னவாசலில் இருவகைக் கடினம்

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்காக வழவழப்பாக்கப்பட்ட கற்படுக்கைகள் தமிழ்ப் பிராமிப் பொறிப்புடன் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக நிலைத்திருக்க, அதே குன்றின் அறிவர் கோயிலில் அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் தீட்டப்பட்ட தாமரைக் குள ஓவியம் பல இடங்களில் சிதைந்துள்ளது. இவ்வேறுபாட்டின் காரணங்களுள் ஒன்று கனிமங்களின் கடினத்தன்மை ஆகும்.

கடினத்தன்மை என்பது இங்கே கீறலை எதிர்க்கும் ஆற்றலைக் குறிக்கும். உடையாத தன்மை வேறு. 1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் வகுத்த வரிசையில், மாக்கல்லின் முதன்மைக் கனிமமான டால்க் 1ஆம் இடத்திலும், சலவைக்கல்லின் கனிமமான கால்சைட் 3ஆம் இடத்திலும், வைரம் 10ஆம் இடத்திலும் நிற்கின்றன. இவை இடத்தைக் காட்டும் எண்களே தவிர அளவுகள் அல்ல. 9ஆம் இடத்துக் குருந்தக்கல்லைவிட வைரம் பன்மடங்கு கடினமானது.

புதுக்கோட்டைக் குன்றுகளின் கருங்கல், 6ஆம் இடத்து ஃபெல்ட்ஸ்பாரும் 7ஆம் இடத்துக் குவார்ட்ஸும் மிக மென்மையான மைக்காவும் கலந்த பாறையாதலால், அதன் கடினத்தை ஒரே எண்ணால் சொல்வது பொருந்தாது. உளியின் எஃகு பெரும்பாலும் குவார்ட்ஸைவிட மென்மையானது என்பதால், சிற்பி கல்லைக் கீறுவதில்லை. ஓங்கி அடித்துப் பரல்களை நொறுக்குகிறார். அதனாலேயே உளிமுனை விரைவில் மழுங்கி, மீண்டும் மீண்டும் உலையில் காய்ச்சித் தீட்டப்பட வேண்டியதாகிறது. ஏழாம் நூற்றாண்டு எழுத்தமைதியுடைய குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் நுண்ணிய சுரக் குறிகள் இத்தகைய பாறையில் வெட்டப்பட்டவை என்பதை எண்ணினால், அவ்வுழைப்பை எழுத்து வேலை என்பதைவிடக் கொல்லுலை வேலை என்பதே தகும். வீட்டு அம்மியைக் கொத்த நேர்வதும், மென்மையான பொருள் தன்னைவிடக் கடினமானதைக் கீறாது என்ற இவ்விதிப்படியே: மிளகாயும் மஞ்சளும் கல்லைத் தேய்ப்பதில்லை, அதே கடினமுடைய குழவியே அதைத் தேய்க்கிறது.

ஓவியத்தின் நிலை வேறு. அதன் அடித்தளமான சுண்ணாம்புச் சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது கால்சைட்டாகவே மாறுகிறது. பாறையின் மேல் மெல்லிய சலவைக்கல் பூச்சு போர்த்தியது போன்ற நிலை அது. வரிசையில் 5.5 என்ற இடத்தில் நிற்கும் பேனாக்கத்தியின் எஃகு அதை எளிதில் கீறிவிடும். கத்தியும் வேண்டியதில்லை, பார்வையாளரின் விரலிலும் துடைக்கும் துணியிலும் ஒட்டியிருக்கும் தூசியில் கலந்த மணற்பரல் குவார்ட்ஸே, அதன் இடம் 7.